யாருக்குப் பாட்டு? இசை நாடகத்தில் எல்ஜிபிடி பாத்திரங்கள் பற்றி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் ஊர்க் கலைக்குழுக்களுக்கும் பாட்டு நாடகம் பழக்கிக் கொடுக்கிறேன். மியூசிக்கல் எனப்படும் அமெரிக்கப் பாட்டு நாடகங்களை செல்போனில் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவரும் அப்பா அம்மா, திருவிழாவுக்கு நாடகம் வைக்கும் ஊர்ப் பெரியவர்கள் என்று பலரும் கேட்டவை இவை. பதில்கள் என் அனுபவத்திலிருந்தும் படிப்பிலிருந்தும் வந்தவை.

ஆண் பெண் வேஷம் போடுவது நம் ஊரில் காலங்காலமாக இருக்கிறதே, இதில் புதிதாக என்ன?

இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கும். பிரகலாத சரித்திரத்தில் லீலாவதியாக வருபவர் ஆண்தான். மற்ற நாளில் எங்கோ ஓர் ஊரில் அலுவலகம் போகிறவர், இதற்காக லீவு போட்டு வந்திருப்பார். ஒரு தடவை ஒப்பனை நடக்கும் இடத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். மீசை எடுத்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அந்த இடத்தை விரலால் தடவித் தடவி அரிதாரத்தை இழைத்தார். சவுரி வைத்துப் பின்னிக் குஞ்சலம் கட்டத் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டார். நெற்றிச்சுட்டியை நேர் செய்ய ஒரு பையன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு மேடையில், மகனுக்கும் அவனைக் கொல்லத் துணிந்த கணவனுக்கும் நடுவில் நின்று அவர் அபிநயம் பிடித்தபோது, என் பக்கத்திலிருந்த பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ஆண் என்பது பாட்டிக்கும் தெரியும்.

கும்பகோணத்தில் இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே நாடகக் கம்பெனி நடத்தினார். ராஜபார்ட்டும் பெண்தான். அவர் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காகத் தனி ரயிலே விட்டார்கள் என்று இன்றும் சொல்வார்கள். 1935இல் வந்த படத்தில் ஆதனூர் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள்.

ஆனால் லீலாவதி பெண், நந்தனார் ஆண். நடித்தவரின் உடம்புதான் வேறே தவிர, பாத்திரம் மாறவில்லை. நான் இங்கே பேசுவது கதைக்குள் இருக்கும் ஆளைப் பற்றி. கதையிலேயே ஒருவர் திருநங்கையாகவோ, ஆணைக் காதலிக்கும் ஆணாகவோ, பெண்ணைக் காதலிக்கும் பெண்ணாகவோ இருந்தால் அவரை எப்படிக் காட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

என்ன சொல்லால் குறிப்பிடுவது?

திருநங்கை, திருநம்பி, இருவரையும் சேர்த்துத் திருநர். தன்பாலீர்ப்பு உள்ளவர். எல்லோரையும் சேர்த்துச் சொல்லப் பால்புதுமையர். சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் தமிழ்நாடு அரசு 2022இல் இப்படிப்பட்ட சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. திருநங்கை என்ற சொல்லை அரசு வழக்கில் நிலைக்கச் செய்தவர் திருக்குவளைக்காரரான மு. கருணாநிதி. எண்ணைச் சொல்லிக் கூப்பிடும் கேலியை நாடக வசனத்தில் வைப்பதாக இருந்தால், அதைச் சொல்லும் பாத்திரம் கெட்டவன் என்பது சபைக்கு விளங்க வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்ததுதானே?

பூம்புகாருக்குப் போய்விட்டு வாருங்கள். மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று பேடு. ‘ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்துக் காமன் ஆடிய பேடி ஆடலும்’ என்று சிலப்பதிகாரம் அதைச் சொல்கிறது. மணிமேகலையில் இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். மணிமேகலையும் சுதமதியும் மலர்வனத்துக்குப் போகும் வழியில், புகார் நகரத் தெருவில் ஒரு கூட்டம் பேடிக்கூத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஆடுபவருக்குச் சுருண்ட தாடி இருக்கிறது, பூ முடித்த கூந்தல் இருக்கிறது, பவள வாய் இருக்கிறது. தாடியையும் கூந்தலையும் அடுத்தடுத்து வைத்துவிட்டுப் புலவர் போய்க்கொண்டே இருக்கிறார்.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆடலும் ஒரு கோலம்தான். ஆடியவர் வீட்டுக்குப் போய் யாராக இருந்தார் என்று காப்பியம் சொல்லவில்லை. பழம்பெருமை பேசிவிட்டு, இன்றைக்கு நம் தெருவில் இருக்கும் திருநங்கைக்கு வாடகை வீடு தர மறுத்தால் அந்தப் பெருமையால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

நல்ல சித்திரிப்பு, மோசமான சித்திரிப்பு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பாட்டை வைத்து. வசன நாடகத்தில் பாத்திரம் பொய் பேசலாம், மழுப்பலாம். பாட்டு நாடகத்தில் பேச்சு போதாமல் போகும் இடத்தில்தான் பாட்டு வரும். வள்ளி தினைப்புனத்தில் பாடுவது, நந்தன் சிதம்பரம் போக ஏங்கிப் பாடுவது எல்லாம் அந்த மனசைத் திறந்து காட்டும் இடங்கள். அனந்ததாண்டவபுரத்தில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதி நந்தனுக்கு அத்தனை பாட்டுக் கொடுத்ததால்தான், அவனைச் சேரிக்காரன் என்று ஒதுக்கியவர்கள் கூட உட்கார்ந்து அழுதார்கள்.

ஆகவே நான் பார்ப்பது மூன்று. அந்தப் பாத்திரத்துக்குத் தனியாக ஒரு பாட்டு இருக்கிறதா? அந்தப் பாட்டைக் கேட்டு நாம் அவர் பக்கம் சாய்கிறோமா, அவரைப் பார்த்துச் சிரிக்கிறோமா? பாட்டு முடிந்த பிறகும் கதையில் அவருக்கு வேலை இருக்கிறதா?

‘சம் லைக் இட் ஹாட்’ இதற்கு நல்ல உதாரணம். 1959இல் வந்த படத்தில் ரவுடிகளிடமிருந்து தப்ப இரண்டு வாத்தியக்காரர்கள் பெண் வேஷம் போட்டு ஓடுவார்கள், வேஷம்தான் சிரிப்பு. 2022இல் அதே கதை நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் மியூசிக்கலாக வந்தபோது, இருவரில் ஒருவருக்கு அந்த வேஷத்தில் தன்னையே கண்டுகொண்டதைச் சொல்லும் ஒரு பாட்டைக் கொடுத்தார்கள். பெண் வேஷத்துக்காக வைத்துக்கொண்ட டாஃப்னி என்ற பெயர் அதற்கப்புறம் ஒளிந்துகொள்ளும் பெயராக இல்லை. ஒரே கதை, ஒரு பாட்டு சேர்ந்ததும் வேஷம் போட்டவர் மனுஷியாகிவிட்டார்.

அமெரிக்க மேடையிலாவது ஆரம்பத்திலிருந்தே சுதந்திரம் இருந்ததா?

இல்லை. நியூயார்க்கில் 1927இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தன்பால் உறவை மேடையில் காட்டினால் அரங்கத்தையே பூட்டிவிடலாம். 1967 வரை அது ஏட்டில் இருந்தது. லண்டனில் நாடகத் தணிக்கை ஒழிந்தது 1968இல். அதனால் மியூசிக்கல்களை எழுதிய பலர் தன்பாலீர்ப்பாளர்களாக இருந்தும் அவர்கள் எழுதிய காதல் எல்லாம் ஆண் பெண் காதலாகவே இருந்தது. ‘காபரே’யில் இது கண்ணுக்குத் தெரியும். அதன் மூலக்கதையை எழுதிய கிறிஸ்டோபர் இஷர்வுட் தன்பாலீர்ப்பாளர். 1966 மேடையில் அந்த எழுத்தாளன் பாத்திரம் பெண்ணை மட்டும் காதலிப்பவனாக மாறியிருந்தது. பிறகு 1972 படத்திலும் 1987இல் மீண்டும் மேடையேறியபோதும்தான் ஆண் மீதான ஈர்ப்பும் கதைக்குள் வந்தது.

1975இல் ‘எ கோரஸ் லைன்’ வந்தது. நடனக் குழுவில் இடம் கேட்டு வந்த பால் என்ற இளைஞன், தான் பெண் வேஷத்தில் ஆடிக்கொண்டிருந்த இடத்துக்குப் பெற்றோர் வந்து பார்த்துவிட்டதைச் சொல்கிறான். அந்த இடம் யாரையும் உலுக்கும். ஆனால் கவனியுங்கள், சுற்றிலும் எல்லோரும் பாடும்போது அவனுக்குக் கொடுத்தது வசனம். அவன் அதைப் பாடவில்லை.

பாட்டு வந்தது 1983இல், ‘லா காஜ் ஓ ஃபோல்’ மூலம். பெண் வேஷத்தில் ஆடும் ஆல்பினும் கிளப் நடத்தும் ஜார்ஜும் பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்து ஒரு மகனை வளர்த்தவர்கள். மகனின் சம்பந்தி வீட்டார் வரும்போது ஆல்பின் ஒதுங்கி நிற்க வேண்டும் என்கிறார்கள். வளர்த்த தாயைக் கல்யாணத்தன்று அடுக்களையில் உட்காரச் சொல்வது மாதிரி. ஆல்பின் மேடைக்கு வந்து, நான் இப்படித்தான் என்ற பொருளில் பாடி, பொய்முடியைக் கழற்றி வீசிவிட்டுச் சபையின் நடுவாகவே நடந்து வெளியே போவான். முதல் பாதி அங்கே முடியும். பையன்கள் இதைச் சிரித்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்து, அந்த இடத்தில் அப்படியே அடங்கிப்போவதை என் வகுப்பில் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இந்தக் கதைகளில் அவர்கள் ஏன் செத்துக்கொண்டே இருக்கிறார்கள்?

ஒரு காரணம் நிஜம். 1980களில் எய்ட்ஸ் அந்த நாடகக்காரர்களின் நண்பர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனது. ‘ஃபால்செட்டோஸ்’, ‘ரென்ட்’ என்ற மியூசிக்கல்கள் இரண்டும் அந்தத் துக்கத்திலிருந்து வந்தவை.

இன்னொரு காரணம் பழக்கம். 1996இல் வந்த ‘ரென்ட்’ இத்தாலிய ஓபரா ‘லா போஹேம்’ கதையைத் தழுவியது. ஓபராவில் கடைசியில் மிமி சாவாள். ‘ரென்ட்’டில் மிமி பிழைத்துக்கொள்கிறாள், அவளுக்கு முன்னால் ஏஞ்சல் செத்துவிடுகிறார். ஏஞ்சல் பெண் உடையில் வாழ்பவர், அந்தக் கூட்டத்திலேயே எல்லோருக்கும் கொடுக்கிற மனசு அவருக்குத்தான். எழுதிய ஜோனத்தன் லார்சன் முதல் முன்னோட்டக் காட்சிக்கு முந்தைய இரவில் இறந்துபோனார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் சாவு மிமியிடமிருந்து ஏஞ்சலுக்குக் கைமாறியது எனக்கு உறுத்துகிறது.

உறுத்தலோடு இன்னொன்றையும் சொல்கிறேன். உன்னைப் போர்த்திக் காப்பேன் என்ற பொருளில் ஏஞ்சலும் அவர் காதலன் காலின்ஸும் சேர்ந்து பாடும் காதல் பாட்டு ஒன்று இருக்கிறது. துள்ளலாக, தெருவில் ஆடிக்கொண்டே பாடுவார்கள். ஏஞ்சல் இறந்த பிறகு அதே பாட்டைக் காலின்ஸ் ஒற்றையாக, இழுத்து, மெதுவாகப் பாடுவார். பிறகு மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு விளக்கம் தேவைப்படாது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாமல், “புருஷனுக்கா பாடுறான்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மறுபடி பார்க்க ஆரம்பித்தார்.

பெண்ணைக் காதலிக்கும் பெண் எந்த நாடகத்திலாவது நாயகியாக வருகிறாளா?

‘ஃபன் ஹோம்’. ஆலிசன் பெக்டெல் தன் வாழ்க்கையை வரைந்து எழுதிய புத்தகத்திலிருந்து ஜெனின் டெசோரி இசையமைத்து லிசா க்ரான் எழுதியது. 2015இல் சிறந்த மியூசிக்கலுக்கான டோனி விருது வாங்கியது. டோனி என்பது பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கும் பெரிய விருது. பாட்டுக்கும் இசைக்குமான டோனியைப் பெண்கள் மட்டுமே சேர்ந்த ஒரு குழு வாங்கியதும் அதுதான் முதல் முறை. அதில் சிறுமி ஆலிசன், அப்பாவோடு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது சரக்கு இறக்க வந்த ஒரு பெண்ணைப் பார்க்கிறாள். குட்டை முடி, முரட்டுத் துணி, பூட்ஸ், இடுப்பில் சாவிக்கொத்து. அந்தக் குழந்தைக்குக் காதல் என்றும் தெரியாது, வேறு பெயரும் தெரியாது. ஏதோ ஒன்று தனக்கும் அவருக்கும் பொது என்று மட்டும் தெரிகிறது. பாட்டு வார்த்தை கிடைக்காமல் நின்று நின்று போகும். எனக்குத் தெரிந்த எல்லா மியூசிக்கல் பாட்டிலும் அதைத்தான் முதலில் வைப்பேன்.

சாவிக்கொத்து இடுப்பில் செருகிய பெண் என்றால் நம் ஊரில் பெரிய வீட்டு மாமியார்தான் ஞாபகத்துக்கு வருவார். அதனால் மொழிபெயர்த்துச் சொல்லும்போது, புல்லட் ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தும் பெண் என்று மாற்றிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது.

நம் நாடகங்களில் அப்படி யாரும் இல்லையா?

அல்லி இருக்கிறாள். சங்கரதாஸ் சுவாமிகள் மேடைக்குக் கொண்டுவந்த அல்லி அர்ஜுனா டெல்டா திருவிழாக்களில் தெரிந்த கதை. மதுரையை ஆளும் அரசி, ஆணே வேண்டாம் என்று பெண்களோடு பெண்களாக அரசாளுகிறாள். அர்ஜுனன் கண்ணன் துணையோடு மாயம் செய்து உள்ளே நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். அவளை அடக்கியதாகக் கதை மகிழ்கிறது.

அல்லி தன்பாலீர்ப்பாளர் என்று நான் முத்திரை குத்த மாட்டேன். ஆனால் வேண்டாம் என்ற பெண்ணைத் தூக்கத்தில் கட்டுவது கல்யாணமா என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. கதையில் எல்லோரும் பாடுகிறார்கள். கழுத்தில் தாலியோடு கண் விழித்த அந்தக் காலையில் அல்லி என்ன பாடினாள் என்று நாங்கள் தேடினோம். எங்களிடம் இருந்த பிரதியில் இல்லை, நாங்களே எழுதினோம்.

முகாரியில் போடலாம் என்றேன். ஆர்மோனியக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. “எழுந்ததும் அழமாட்டாண்ணே, மொதல்ல கேப்பா” என்றார். அதனால் தாளம் இல்லாமல் விருத்தமாக வைத்தோம், முழுக்கக் கேள்விகள். கூடவே இருந்த தோழிக்கு நான்கு வரி. ஆல்ரவுண்ட் என்ற தாள வாத்தியத் தொகுப்பை வாசிப்பவர் அந்த இடத்தில் குச்சியைக் கீழே வைத்துவிடுவார்.

அரவான் கதை போதாதா?

கூவாகம் கள்ளக்குறிச்சிப் பக்கம் இருந்தாலும் சித்திரையில் டெல்டாவிலிருந்தும் திருநங்கைகள் போகிறார்கள். களப்பலிக்கு முந்தைய இரவு அரவானை மணக்கக் கண்ணன் மோகினியாகிறார். மறுநாள் தாலி அறுக்கும் அழுகை. கூத்தில் கண்ணன் கோலத்தைக் கலைத்துவிட்டுப் போய்விடலாம். அங்கே தாலி கட்டிக்கொண்டு அழும் திருநங்கைக்குக் கலைப்பதற்குக் கோலம் இல்லை, அதுதான் அவர். பெரிய கதைதான். ஆனால் ஒரு ராத்திரிக் கல்யாணமும் மறுநாள் தாலியறுப்பும் மட்டுமே அவர்கள் கதை என்று மேடையில் பழகிவிட்டால், மற்ற 364 நாளும் என்ன ஆவது? ரேஷன் கடை வரிசை, அம்மாவோடு சமாதானம், வேலைக்குப் போன முதல் நாள், இதற்கெல்லாம் பாட்டு வேண்டும்.

திருமங்கையாழ்வாரே பெண்ணாகப் பாடினாரே, அதையும் இதில் சேர்ப்பீர்களா?

மாட்டேன். சீர்காழிப் பக்கத்து ஆழ்வார் பரகால நாயகியாகப் பாடியது பக்தி. அதற்குரிய இடத்தில் அது இருக்கட்டும். ஆனால் ஆண் குரலில் ‘நான் அவனுக்காக ஏங்குகிறேன்’ என்று கேட்டு, அதில் அருவருப்பு இல்லாமல் உருகத் தெரிந்த காது நம்முடையது. இந்தக் காதை நம்பித்தான் நான் வேலை செய்கிறேன்.

பபூன் காமெடியில் கொஞ்சம் அப்படி இப்படி வந்தால் என்ன, எல்லாம் சிரிப்புக்குத்தானே?

பபூனை வேண்டாம் என்று சொல்லவில்லை. விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும் மேடையில் அவர் இல்லாமல் ஊர் விழித்திருக்காது. நான் சொல்வது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விழாவில், இரண்டு பையன்கள் சேலை கட்டிக்கொண்டு கையை அகட்டித் தட்டி, விருந்தினர் மடியில் போய் உட்கார்ந்து காசு கேட்டார்கள். அரங்கமே விசில். மூன்றாவது வரிசையில் அந்தக் கல்லூரியிலேயே படித்த திருநங்கை ஒருவர் இருந்தார். எழுந்து போகவில்லை. துப்பட்டாவின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக அந்தப் பத்து நிமிஷமும் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த நான் ஒன்றும் பேசவில்லை. நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். அது இன்றுவரை எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

திருநங்கை பாத்திரத்தில் திருநங்கைதான் நடிக்க வேண்டுமா?

கிடைத்தால் அவரையே கேளுங்கள். கிடைக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் தேடவில்லை. கரகாட்ட செட்டுகளில் ஆடும் எத்தனையோ பேருக்குப் பாட்டும் தாளமும் அத்துப்படி. பரத ஆசான்களான தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளை, மதுரையிலிருந்து வந்த நர்த்தகி நடராஜைச் சேர்த்துக்கொண்டு பரதம் சொல்லிக் கொடுத்தார். 2019இல் நர்த்தகி பத்மஸ்ரீ வாங்கினார், திருநங்கை ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. பிராட்வேயில் வெளிப்படையாகத் திருநங்கையான ஒருவர், எல் மார்கன் லீ, நடிப்புக்கான டோனிப் பரிந்துரைக்கு வந்ததே 2022இல்தான். அடுத்த ஆண்டு ஆண் பெண் இரண்டிலும் அடங்காதவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஜே. ஹாரிசன் கீயும் அலெக்ஸ் நியூவெல்லும் விருதே வாங்கினார்கள். அந்த ஹாரிசன் கீதான் மேலே சொன்ன டாஃப்னி.

போலீஸ், கேஸ் என்று ஏதாவது வருமா?

தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை, வயது வந்தோர் சம்மதத்தோடு இருப்பதைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றம் 6 செப்டம்பர் 2018 அன்று நீக்கிவிட்டது. அந்த வழக்கில் முதல் மனுதாரர் நவ்தேஜ் ஜோஹர் ஒரு பரதநாட்டியக் கலைஞர். நாடகத்துக்கு வழக்கமாக வாங்கும் அனுமதிகளை வாங்குங்கள்.

‘ரென்ட்’டைத் தமிழில் போடலாமா?

உரிமம் வாங்கினால் போடலாம். வாங்காமல் போடாதீர்கள், எழுதியவர்களுக்கும் வயிறு உண்டு. 1922இல் காலமான சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. கைச்செலவு பார்க்கும் குழு அங்கிருந்து தொடங்கலாம்.

ஊர் ஏற்றுக்கொள்ளுமா?

எல்லா ஊரும் கொள்ளாது. ஒரு திருவிழாவில் எங்கள் அல்லியைப் பாதியில் நிறுத்தி, ஒழுங்காகக் கல்யாணப் பாட்டைப் பாடச் சொன்னார்கள். பாடிவிட்டு வந்தோம்.

இன்னோர் ஊரில், வலங்கைமான் தாண்டி, கடைசி வரை நடந்தது. விடிகாலை நாலு மணி இருக்கும். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மாள் மேடைக்குப் பின்னால் வந்து, தோழி வேஷம் போட்ட பெண்ணைத் தேடிப் பிடித்தார். அந்த நான்கு வரிக்காரி. “ஏண்டி, அல்லிய அவன் கூட்டிட்டுப் போயிட்டான். நீ எங்க போன?” என்று கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எங்களிடம் பதில் இல்லை. இந்த ஆண்டு தோழிக்கு ஒரு முழுப் பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம்.